நண்டின் மூளை

கடலோர ஊரான போர்ட் ஹாலத்தில் ஒருவருக்குப் பட்டப்பெயர் இல்லையென்றால் அவர் இன்னும் அந்த ஊருக்கு வந்து சேரவில்லை என்று பொருள். ஆறரை அடி உயர வெல்டர் பாஸ்கோவுக்குக் குட்டை என்று பெயர். தூக்கத்திலும் பேசக்கூடியவர் என்று கணவராலேயே சான்றளிக்கப்பட்ட க்ளெனிஸ் கிட்டோவுக்கு மௌனம் என்று பெயர். பலகை எழுதிப் பிழைக்கும் லின்டன் டிரவார்த்தாவுக்குப் புரொபசர். இங்கே பட்டப்பெயர் ஆளுக்கு நேர்மாறாகத்தான் வைக்கப்படும் என்பது லின்டனுக்கும் தெரியும். தன் விஷயத்தில் மட்டும் ஊர் விதிவிலக்கு அளித்துவிட்டதாக முப்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தார்.

பலகை எழுதுவது வயிற்றுக்கு. 'தூண்டில் இரை கிடைக்கும்', 'நாயை அவிழ்த்துவிடாதீர்' ஆகிய அமர வாசகங்கள் கடற்கரை நெடுக அவர் கைவண்ணத்தில் இன்றும் நிற்கின்றன. ஆனால் அவருடைய உண்மையான தொழில் யோசனை. கலையையும் மின்சாரத்தையும் ஒரே நுகத்தில் பூட்டினால் இந்தப் பார்லி வயல்களுக்கு நடுவே ஓர் அற்புதம் நிகழும் என்பது அவர் கொள்கை. அந்த அற்புதங்களைச் சிவப்பு அட்டை நோட்டுகளில் வரிசை எண் போட்டு எழுதி வைத்திருந்தார். ஏழாம் யோசனை: நடந்தால் ஸ்வரம் எழுப்பும் படகுத்துறைப் பலகைகள். பன்னிரண்டு: காற்றாடியின் நுனியில் தூரிகையைக் கட்டி, காற்றைக்கொண்டே காற்றின் உருவத்தை வரைவது. இருபத்திமூன்று: ஒருவர் சொல்லும் பொய்யின் அளவுக்கேற்ப நிறம் மாறும் பப் விளக்கு. இதைப் பப்பின் முதலாளியே காலில் விழாத குறையாகத் தடுத்துவிட்டார்.

முப்பத்தேழு யோசனைகளில் நிறைவேறியது ஒன்றே ஒன்று. பதினான்காம் எண், மனநிலைக்கேற்ப வண்ண ஒளி வீசும் குளியலறைக் குழாய். அவர் மனைவி ரோவெனா இரண்டு வாரம் இரத்தச் சிவப்பில் குளித்துவிட்டு, மூன்றாம் வாரம் சுத்தியலால் அந்த ஆய்வை முடித்து வைத்தார். ரோவெனா ஊர் பேக்கரியில் பாஸ்டி என்னும் இறைச்சிப் பணியாரம் சுடுபவர். விடிவதற்கு முன்பே எழுபவர். வீட்டில் வெயில் ஏறும்போது கொல்லைக் கதவை அகலத் திறந்து, காற்றில் அடிக்காமலிருக்க அரைச் செங்கல் ஒன்றை அண்டக் கொடுப்பது அவர் வழக்கம். அந்தச் செங்கலை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு வெள்ளிக்கிழமை பப்பில் இறைச்சித் தட்டுக் குலுக்கல் நடந்துகொண்டிருந்தது. சீட்டெடுத்தவர் க்ளெனிஸ், ஊர் முன்னேற்றச் சங்கத் தலைவி. ஆட்டுத் தொடை யாருக்கு என்று அறிவித்த கையோடு அவர் லின்டன் பக்கம் திரும்பினார்.

"என்ன புரொபசர், முப்பத்தெட்டாவது பொறந்துடுச்சா? இல்ல, இன்னும் வலி எடுக்கலையா?"

பொறந்துவிட்டது என்றார் லின்டன். படகுத்துறை வாசலில் ஓர் இரும்பு நண்டு. இருபதடி அகலம். கடல் ஏறினால் அதன் கொடுக்குகள் ஏறும், கடல் இறங்கினால் இறங்கும். தண்ணீருக்குள் ஒரு மிதவை அளவெடுத்துச் சொல்ல, நண்டின் வயிற்றிலிருக்கும் மூளை மோட்டாருக்குக் கட்டளையிடும். "கடல் மூச்சு விடுறதை நாம கண்ணால பாக்கலாம்," என்று முடித்தார்.

வழக்கமாக இந்த இடத்தில் யாராவது ஏப்பம் விடுவார்கள். அன்று யாரும் விடவில்லை. கடைசியில் குட்டை பாஸ்கோ தன் கோப்பைக்குள் பார்த்தபடி, "நல்லாத்தான் இருக்கு," என்றார்.

தலைப்பிள்ளையின் முகத்தை முதன்முதலில் பார்த்தபோது குட்டை சொன்னதும் இதே இரண்டு சொற்கள்தான். அதற்கு மேல் புகழ்ச்சி அந்த வட்டாரத்தில் விளைவதில்லை.

"நண்டை இவனுங்க செஞ்சுடுவானுங்கடா," என்றார் க்ளெனிஸ். "ஆட்டி வைக்கிற மூளை? அது எந்த நோட்டுல தூங்குது?"

பப்பிலிருந்த அத்தனை முகங்களும் லின்டனைப் பார்த்தன. இந்த ஒரு நொடிக்காகத்தான் அவர் முப்பத்தேழு யோசனைகளையும் பெற்றிருந்தார்.

"மூளையா? அது எப்பவோ ரெடி. ஷெட்ல இருக்கு," என்றது அவர் வாய்.

ஷெட்டில் ஒரு சைக்கிள் சக்கரம், உறைந்துபோன பெயின்ட், பிரித்துப்போட்ட இரண்டு ரேடியோ, ஓர் எலி ஆகியவை இருந்தன. எலிதான் அங்கே மூளை உள்ள ஒரே ஜீவன்.

இனி நடந்ததற்கு ஊரின் நாகரிகமும் ஒரு காரணம். போர்ட் ஹாலத்தில் எதை வேண்டுமானாலும் கேலி செய்யலாம், தாயார் சமையலைக்கூட. ஆனால் இன்னொரு ஆளின் ஷெட்டுக்குள் அழைக்காமல் கால் வைக்கக்கூடாது. அவன் பெட்டியைத் திறந்து பார்க்கக்கூடாது. 'வேலை செய்யுதா?' என்று கேட்பது 'நீ திருடனா?' என்று கேட்பதற்குச் சமம். ஆகவே யாரும் கேட்கவில்லை. அவரவர் வெல்டிங் மெஷினையும் பழைய இரும்பையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

இரண்டு சனிக்கிழமையில் முடிப்பதாக இருந்த கூட்டு வேலை பதினொரு சனிக்கிழமை நீண்டது. செத்துப்போன அறுவடை இயந்திரத்தின் தகடுகள் நண்டின் ஓடாயின. கலப்பைக் கொழுக்கள் காலாயின. கொடுக்குகளைக் குட்டை தன் கையாலேயே செய்தார். ஒவ்வொரு பல்லையும் தனித்தனியாகப் பற்றவைத்தார். இடது கொடுக்கில் கை வெந்து, பத்து நாள் கட்டோடு திரிந்தார். ரோவெனாவின் பாஸ்டியை இடக்கையால் தின்றபடி, "உன் நண்டு என்னையே கடிக்குதுடா புரொபசர்," என்று சிரித்தார்.

லின்டனும் சிரித்தார். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர் பாஸ்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

சும்மா இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. முயன்றார். புத்தகம் வரவழைத்தார். மின்னணுச் சில்லுகளை வாங்கினார், ஒன்றைப் புகையவிட்டார், மற்றொன்றை எலி தின்றது. பத்தாவது சனிக்கிழமை குட்டை ஷெட் வாசலுக்கு வெளியே நின்று, "பெட்டியைக் குடுடா, உள்ள வச்சு உப்புக்காத்து போகாம சீல் பண்ணிடறேன்," என்றபோது, லின்டன் ஒரு சாம்பல் நிறத் தகரப் பெட்டியை நீட்டினார். மூடியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு அழகாக எரிந்தது.

குட்டை கையில் தூக்கிப் பார்த்தார். "கனமா இருக்கே."

"மூளைன்னா கனம் இருக்குமில்ல," என்றார் லின்டன்.

அன்று மதியம் வீட்டில் கொல்லைக் கதவு காற்றில் படாரென்று அடித்தது. ரோவெனா கதவையும் பார்த்தார், கணவரையும் பார்த்தார். பிறகு துணி மடிக்கப் போனார்.

அக்டோபர் நீண்ட வார இறுதி விடுமுறையின் சனிக்கிழமை திறப்பு விழா. முந்நூறு பேர் வந்திருந்தார்கள். ஊரின் மக்கள்தொகை இருநூற்றுப் பத்து. அடுப்புத் தகட்டில் சாசேஜ் பொரிந்தது. க்ளெனிஸ் தன் பட்டப்பெயருக்குப் பங்கம் வராமல் நாற்பது நிமிடம் பேசினார். துணி விலகியது. நண்டு வெயிலில் பளபளத்தது. லின்டன் பொத்தானை அழுத்தினார்.

ஒரு கடற்புறா பறந்து வந்து இடது கொடுக்கின் மேல் உட்கார்ந்தது. நிகழ்ச்சி அவ்வளவுதான்.

கூட்டம் கூச்சலிட்டிருந்தால் தாங்கியிருப்பார். அவர்கள் ஆறுதல் சொன்னார்கள். "சூடாகட்டும், அவசரமில்ல." "எங்கப்பாவோட டிராக்டரும் இப்படித்தான், ஆனா ஒருதரம் கிளம்பிட்டா நிக்காது." இருபது நிமிடம் ரொட்டியில் சாசேஜைச் சுருட்டித் தின்றபடி, நண்டுக்குச் சங்கடமாகிவிடக்கூடாதே என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று லின்டன் காத்திருந்தார். யோசனைகளைப் போலவே பூமியும் அவருக்கு ஒத்துழைக்கவில்லை.

அப்போதுதான் குட்டை மெல்ல நடந்து வந்து ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார். வாழ்நாளில் அவர் மேடை ஏறியதில்லை. காது மடல் சிவந்திருந்தது.

"தப்பு என்னுது," என்றார். "பெட்டிக்கு சீல் வச்சது நான். உப்புத்தண்ணி உள்ள போயிருக்கணும். புரொபசரை ஒண்ணும் சொல்லாதீங்க. அவன் பங்கை அவன் செஞ்சுட்டான்."

இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். ஒலிபெருக்கி ஒரு கை தூரத்தில் இருந்தது. லின்டன் டிரவார்த்தா தலையைக் குனிந்து, பெரிய மனதோடு நண்பனை மன்னிப்பவர்போல, மெல்ல ஆட்டினார். பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, "காயவச்சுப் பாக்கறேன்," என்று வீட்டுக்கு நடந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனாவது தன் சோற்றில்தான் மறைத்தான். இவர் குட்டையின் தட்டில் மறைத்துவிட்டு வந்தார்.

பிறகுதான் வினை தொடங்கியது. குட்டையை ஊர் முறைப்படி கிண்டல் செய்தது. பப்பில் அவர் கோப்பைக்கு அடியில் ஒரு தட்டு வைத்தார்கள், ஒழுகினால் பிடிக்க. அவரும் சிரித்தார். ஆனால் திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டியில் எட்டு வருடத்துக்கு முன் தான் போட்ட வெல்டிங் தையலைக் குட்டை விளக்கடித்துச் சோதித்துக்கொண்டிருந்ததை லின்டன் பார்த்தார். செவ்வாய்க்கிழமை யாரோ ஒருவரின் படகு டிரெய்லர். புதன்கிழமை யாரும் கேட்காமலே மூன்று பண்ணைகளின் கேட்டுகள். அடுத்த வாரம் தன்னார்வத் தீயணைப்புப் படையின் வண்டியை நிறுத்திவைத்து, அதன் தண்ணீர்த் தொட்டியைக் கீழே இறக்கிவிட்டார்.

"காட்டுத்தீக் காலம் வருது குட்டை, வண்டி வேணும்டா," என்றார் க்ளெனிஸ்.

"ஒரு தையல் விட்டுப்போனவன் எத்தனை விட்டிருப்பான்னு தெரியல மௌனம். பாத்துட்டுத் தரேன்," என்றார் குட்டை. கட்டு அவிழ்த்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். லின்டனின் நெஞ்சு அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. அதற்கு வயிற்றுப்போக்கு கண்டுவிட்டது. பேக்கரிப் பக்கம் போவதை நிறுத்தினார். தபால் எடுக்கக் கொல்லை வழியாகப் போனார். தினமும் காலையில் 'இன்னிக்குச் சொல்லிடணும்' என்று எழுந்து, பத்து மணிக்குள் அதை ஒரு யோசனையாக்கி நோட்டில் எழுதிவிடுவார். முப்பத்தொன்பது: உண்மையைச் சொல்வது. அதற்கு ஒரு படமும் வரைந்திருந்தார்.

பதினேழாம் நாள் குட்டையே வந்தார். ஷெட் வாசலில், நிலைப்படிக்கு வெளியே நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"ஒண்ணு கேக்கணும்டா. எந்த ஆம்பளைகிட்டயும் இதுவரைக்கும் கேட்டதில்ல. கோவிச்சுக்காத."

"கேளு."

"அந்தப் பெட்டியைத் திறந்து காட்டறியா? தண்ணி எந்த வழியா போச்சுன்னு நான் பாக்கணும். அது தெரியாம எனக்கு எதையும் பத்தவைக்க வரல. கை நடுங்குது."

பெட்டி மேசை மேல் இருந்தது. இன்னும் ஈரமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். குட்டை நம்பிப் போயிருப்பார். அதுதான் லின்டனால் தாங்க முடியவில்லை. மூடியைத் திறந்து தள்ளினார்.

பழைய கால்பந்து பனியன் ஒன்று இருந்தது. குட்டை அதைப் பிரித்தார். அரைச் செங்கல். மூடியிலிருந்த பச்சை விளக்கு மட்டும், டார்ச் பேட்டரியின் தயவில், கடமை தவறாமல் எரிந்துகொண்டிருந்தது.

குட்டை செங்கலை எடுத்தார். ஒரு மூலையில் ஒட்டியிருந்த கதவுப் பெயின்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். பிறகு செங்கலை மறுபடியும் பனியனில் சுற்றி, குழந்தையைக் கிடத்துவதுபோலப் பெட்டியில் வைத்தார்.

"நல்லா சுத்தி வச்சிருக்கீங்க, லின்டன்," என்றார். "நன்றி."

அந்த 'லின்டன்' அவரை அறைந்தது. பள்ளிக்கூடத்தில் கூட்டல் தப்பாய்ப் போட்டுப் புரொபசரான நாளிலிருந்து குட்டை அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'நீங்க' என்றதில்லை. அந்த நன்றி வேறு.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. யாரும் திட்டவில்லை; கல்லெறியவில்லை; கிண்டல் செய்யவில்லை. மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பப்பில் உள்ளே நுழைந்தால் நகர்ந்து இடம் விட்டார்கள். "முதல்ல நீங்க வாங்கிக்குங்க, லின்டன்." "வெயில் ஜாஸ்தியா இருக்கு இல்லீங்களா, மிஸ்டர் டிரவார்த்தா." இறைச்சித் தட்டுக் குலுக்கலில் அவருக்கு ஆட்டிறைச்சி விழுந்தது. ஒருவரும், "அதுக்குள்ள செங்கல் இருக்கான்னு பாரு," என்று சொல்லவில்லை. சொல்லமாட்டார்களா என்று அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். கைதட்டினார்கள்.

முப்பது வருடமாகத் தன்னைக் குத்திக்கொண்டிருந்த கேலிதான் தன்னைத் தாங்கிக்கொண்டும் இருந்தது என்பது அன்று அவருக்கு விளங்கியது. ஊரில் முகவரி இருந்தது, ஊர்தான் இல்லை.

வீட்டுக்கு வந்து இறைச்சியை மேசை மேல் வைத்தார். "உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார்.

"என் கதவு நாலஞ்சு வாரமா பேய் மாதிரி அடிக்குது," என்றார் ரோவெனா. "தெரியாம இருக்குமா?"

"ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன். செங்கலைக் கொண்டுவந்து அது இருந்த இடத்துல வை. அப்புறம் போய் அவன்கிட்டப் பேசு."

"என்ன பேசறது?"

"முப்பத்தெட்டு யோசனை பெத்த மகராசன். இதைக் கூடவா நான் சொல்லித் தரணும்?"

இரண்டு நாள் கழித்து க்ளெனிஸ் வழியில் நிறுத்தினார். அவர் பேச்சு இவ்வளவு சுருக்கமாக இருந்து யாரும் கேட்டதில்லை. "புதன்கிழமை ஓய்வுபெற்றவங்க பஸ் ஒண்ணு நண்டு பாக்க வருதாம், லின்டன். நண்டு அசையும்னு காகிதத்துல போட்டுட்டோம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு சொன்னேன். நல்லது, வரேங்க."

லின்டன் தன் பழைய படகு டிரெய்லரிலிருந்து கைவிஞ்சைக் கழற்றினார். ஊரில் எல்லோர் வீட்டிலும் கிடக்கும் சாமான்; சுற்றினால் படகை இழுக்கும், விட்டால் இறக்கும். அதில் கலையும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. அதைத் தோளில் வைத்துக்கொண்டு பெரிய தெரு வழியாகவே, அத்தனை பேரும் பார்க்க, குட்டையின் ஷெட்டுக்கு நடந்தார். வாசலில் நின்றார்.

"மோட்டாரை எடுத்துட்டு இதை அங்க பத்தவைக்கணும், குட்டை. நான் உள்ள உட்கார்ந்து சுத்துவேன். துறைக் கம்பத்துல தண்ணி அளவு தெரியும், அதைப் பாத்துச் சுத்துவேன்." நிறுத்தினார். "அன்னிக்கு மைக்ல நீ பேசினப்ப நான் தலையை ஆட்டினேன். வாயில ஒரு வார்த்தை வரல. அதை நினைச்சா இன்னும் உடம்பு கூசுது. உன் தையல் எதுவும் ஒழுகல. எதுவுமே ஒழுகினதில்ல."

குட்டை விஞ்சை வாங்கிப் பார்த்தார். "எந்த உயரத்துல வைக்கணுங்க?" என்று கேட்டார்.

"உட்கார்ந்தா கைக்கு எட்டற மாதிரி."

"சரிங்க."

நண்டின் வயிற்றுக்குள் குட்டை முழங்காலிட்டு ஒரு மணி நேரம் பற்றவைத்தார். கை நடுங்கவில்லை என்பதை லின்டன் பக்கத்தில் நின்று பார்த்தார். முடித்ததும் குட்டை கருவிகளை எடுத்துக்கொண்டு, "வரேங்க" என்று போய்விட்டார்.

புதன்கிழமை காலை பத்தரைக்கு லின்டன் நண்டின் வயிற்றுக்குள் நுழைந்து, பெட்டி இருந்த இடத்தில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார். உள்ளே வெந்நீர்ப் பானைபோல் சூடு. ஒரு கீறல் வழியாகத் துறைக் கம்பம் தெரிந்தது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும், இரு கொடுக்குகளின் கயிறுகளையும் இழுக்கும் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார். தலைக்கு மேலே இரும்பு முனகியது. வெளியே நாற்பது கிழங்கள் ஒரே குரலில் மூச்சை இழுத்தன.

கொடுக்குகள் ஏறிக்கொண்டிருந்தன. கடல் அரை அடி ஏறினால் கொடுக்கு இரண்டு அடி. அவர் கணக்குத் தவறாமல் சுற்றினார். வியர்வை கண்ணில் இறங்கியது.

"எவ்வளவு அழகா அசையுது," என்றது ஓர் அம்மாளின் குரல். "உள்ள என்னங்க வச்சிருக்கீங்க, கம்ப்யூட்டரா?"

ஒரு காலடிச் சத்தம் நண்டை நெருங்கியது. பிறகு, ஓட்டுக்கு மிக அருகில், குட்டையின் குரல் கேட்டது.

"இல்லம்மா. அரைச் செங்கல்."

"என்ன?"

"செங்கல்தான். புத்தி கொஞ்சம் மந்தம். ஆனா சொன்னா சுத்தும்."

இரும்பின்மேல் யாரோ முஷ்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்கள். உள்ளே லின்டனுக்குக் காதடைத்தது.

"டேய் செங்கல்," என்றார் குட்டை. "இடது கொடுக்கு தூங்குதுடா. அது என் கையைத் தின்ன கொடுக்கு. மரியாதையாத் தூக்கு."

லின்டன் கண்ணில் இறங்கிய வியர்வையைத் துடைத்தார். இடது கயிற்றை இறுக்கி, இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றினார்.